பந்து இல்லாத பக்கம்

ஆகஸ்ட் 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மைதானத்தில் கத்திக் கத்தி உங்களுக்குத் தொண்டை கட்டியிருப்பதாக உங்கள் தம்பி சொன்னார். இப்போது தேவலையா? அண்ணா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இந்தக் காலத்தில் எவளாவது கடிதம் எழுதுவாளா என்று சிரிப்பீர்கள். என்ன செய்வது, என் போனில் உங்கள் பெயர் வந்தாலும் ஓடிவந்து எடுக்கிறவர் அவர்தான். அவர் காதில் விழாமல் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

மேட்ச் முடிந்து வீட்டுக்கு வருகிறார். பையைப் போடுகிறார். பாப்பா தூங்கிவிட்டாளா என்று கேட்கிறார். அடுத்த நிமிஷம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுகிறார். ஒரு மணி நேரம் உங்களோடு பேச்சு. கையை ஆட்டுகிறார், காலைத் தூக்கிக் காட்டுகிறார், சிரிக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஆறிப்போன சாப்பாட்டோடு. உள்ளே வந்ததும், "என்ன பேசினீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, ஆட்டத்தைப் பத்தி" என்பார். எத்தனையோ ஊர், எத்தனையோ கிளப் மாறிவிட்டோம். வீடு பார்க்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "பால்கனி இருக்கா?" செடி வைக்கத்தான் கேட்கிறார் என்று நான் வெகுநாள் ஏமாந்தேன்.

பொறாமைதான் அண்ணி. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. கால்பந்தாட்டக்காரரைக் கட்டிக்கொண்டு, கால்பந்து தெரியாமல் எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் உங்களுக்கு போன் போடுவதற்குள் நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பாப்பா உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 2

அன்புள்ள புதுப்பொண்ணுக்கு,

எட்டு வருஷமாகியும் என்ன புதுப்பொண்ணு என்று முகத்தைத் தூக்காதே. எனக்கு நீ எப்போதும் புதுசுதான். தொண்டை திறந்துவிட்டது, ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். உன் அண்ணா, எங்கள் வீட்டு டிரைவர், பஸ்ஸை ஒழுங்காக ஓட்டுகிறார், மாத்திரையை மட்டும் மறக்கிறார்.

உனக்கு என்மேல் பொறாமையா? நல்ல கூத்து! நீ ஏறாத விமானம் இல்லை. நான் ஏறியதெல்லாம் டிரைவரின் பஸ், அதுவும் டிக்கெட் எடுத்து. நீ பனியில் நின்று போட்டோ அனுப்புகிறாய், நான் அதைப் பார்த்துக்கொண்டே எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு விசில் ஊதுகிறேன். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிறவளைப் பார்த்து ஊர் சுற்றுகிறவள் வயிறெரிந்தால் எப்படி?

ஆனால் ஒன்று தெரிந்துகொள். உன் புருஷனுக்கு, என் கொக்குக்கு, பந்தைத் தொடச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த நீளக் காலைப் பார்த்துக் கொக்கு என்று பேர் வைத்ததும் நான்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் என்னை ஏமாற்றி ஒரு கோல் போட அவனுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அவனைவிட நான் நன்றாக ஆடினேன், அது அவனுக்கும் தெரியும். எனக்கு ஆட ஒரு டீம் இல்லை, அவனுக்கு இருந்தது. கதை அவ்வளவுதான்.

சரி, பாடம். பந்தைப் பார். பந்து எங்கே போகிறதோ அங்கே கண். அவனையே பார்த்துக்கொண்டிருக்காதே. புருஷனை வெறிக்கிறதுக்கு ஸ்டேடியம் எதுக்குடி, வீடு இருக்கே!

குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொள். பாப்பாவுக்கு என் பதில் முத்தம்.

உன் நாத்தனார்


செப்டம்பர் 28

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

அனைவரும் நலம். பாப்பாவுக்கு முன் பல் ஒன்று விழுந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி பந்தைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். எங்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிகள் எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள், கோல் விழுந்தால் மட்டும் எழுந்து நிற்கிறார்கள். நான் ஒருத்திதான் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். போன சனிக்கிழமை ஒன்று பிடிபட்டது. பந்து வலது பக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் இவர் கோலை நோக்கி உள்ளே ஓடாமல் மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டியே நின்றார். ஆகா, கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே துள்ளல்.

வீட்டுக்கு வந்து அவர் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்: "ரெண்டாவது பாதியில நீங்க உள்ள ஓடவே இல்லையே?" அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் அண்ணி. அப்புறம் கேட்டார்: "அக்கா சொன்னாளா?"

என் மூஞ்சியில் ஒரு குடம் தண்ணீர். நானே பார்த்தேன் என்றேன். "சரி சரி" என்று சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டார். அன்று இன்னும் அதிக நேரம் பேசினீர்கள்.

அண்ணாவுக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 17

அன்புள்ள புதுப்பொண்ணுக்கு,

இங்கே நானும் டிரைவரும் சௌக்கியம். பல் விழுந்த பாப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா சொன்னாளா" என்று கேட்டானா? கேட்பான். பொய் சொல்வானேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோபித்துக்கொள்ளாதே. உனக்கு வீடு, வாசல், பிள்ளை, அவன் முழுசாக இருக்கிறான். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தானே?

நீ கண்டுபிடித்தது சரிதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு. அவனுக்குப் பின்னால் நிற்கிற டிஃபெண்டர் சின்னப் பையன், பயந்தாங்கொள்ளி. அவனுக்குத் துணையாகத்தான் கொக்கு கோட்டில் நின்றிருப்பான். இதெல்லாம் போகப்போகத்தான் புரியும். உனக்கென்ன அவசரம்?

புது கிளப் விஷயம் சொல்லியிருப்பானே. இன்னும் தூரத்து தேசம், மூன்று வருஷ ஒப்பந்தம். முப்பத்து நாலு வயசுக்காரனை எவன் மூன்று வருஷத்துக்குக் கூப்பிடுவான்? யோசிக்காதே, சரின்னு சொல்லிடு என்று சொல்லிவிட்டேன். நீயும் பெட்டியைத் தூசி தட்டி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நாத்தனார்


நவம்பர் 6

அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

புது கிளப் விஷயத்தை உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். எந்த தேசத்தில் குடியிருக்கப் போகிறேன் என்பதைத் தபாலில் தெரிந்துகொண்ட பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவரிடம் கேட்டேன். "முடிவானதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்கிறார். உங்களிடம் சொல்ல மட்டும் முடிவாக வேண்டியதில்லை போலிருக்கிறது. பாப்பா இப்போதுதான் இந்த ஊர்ப் பாஷையில் சண்டை போடக் கற்றிருக்கிறாள்.

இன்னொன்று. உங்கள் பாடத்தைக் கைவிட்டுவிட்டேன். பந்து எப்படியோ போகட்டும், நான் அவரைத்தான் பார்க்கிறேன். பந்து அந்தக் கோடிக்குப் போனதும் என்ன செய்கிறார் தெரியுமா? வலது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குனிகிறார். காலைத் தரையிலேயே இழுத்துக்கொண்டு நாலடி நடக்கிறார். பந்து இந்தப் பக்கம் திரும்பியதும் கை இறங்கிவிடுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். உங்கள் டிவியில் இது தெரிகிறதா?

தெரிந்தால் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி மனைவி


நவம்பர் 25

புதுப்பொண்ணுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

அவன் சொல்லாதது தப்புதான், அதற்கு அவனைத் திட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் நீ இல்லாத வியாதியை எல்லாம் உண்டாக்க வேண்டாம். பந்து தன் பக்கம் இல்லாதபோது எல்லா ஆட்டக்காரனும்தான் குனிவான், மூச்சு வாங்குவான், இடுப்பில் கை வைப்பான். அவன் என்ன கடிகாரமா, நிற்காமல் ஓட? ஆட்டம் தெரியாதவர்களுக்கு எல்லாமே நொண்டிதான். அவனுடைய பதினெட்டு வயசிலிருந்து ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறேன், எனக்குத் தெரியாத எது உனக்குத் தெரிந்துவிட்டது?

நீ ஒரே ஊரில் வேர் பிடிக்க ஆசைப்படுகிறாய். ஆசைப்படு. அதற்கு அவன் இடுப்பை ஏன் இழுக்கிறாய்? அவன் இன்னும் மூன்று வருஷம் ஆடுவான். நான் ஆடாததையும் சேர்த்து ஆடிவிட்டுத்தான் நிறுத்துவான்.

பாப்பாவை விசாரித்ததாகச் சொல்.

நாத்தனார்


ஜனவரி 11

அன்புள்ள புதுப்பொண்ணுக்கு,

சுகமா? வருஷமே மாறிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன கடிதத்தில் என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. விசில் ஊதுகிறவளுக்கு மெல்லப் பேச வராது.

அவன் முன்போலப் பேசுவதில்லை. பத்து நிமிஷத்தில், "சரிக்கா, தூக்கம் வருது" என்று வைத்துவிடுகிறான். அந்தப் பந்தை ஏன் பின்னால் தள்ளினாய் என்றால், "ஆமாக்கா" என்கிறான். அவன் எப்போது என்னிடம் ஆமாம் சொல்லியிருக்கிறான்? சண்டைக்கு வந்தால்தானே அது கொக்கு! உன்னிடம் ஏதாவது சொன்னானா?

டிவியில் அவனைத் தேடுகிறேன். டிவிக்காரன் பந்தையேதான் காட்டுகிறான். டிரைவர் பாதித் தூக்கத்தில், "உன் தம்பி எங்கடி?" என்றார். "படத்துக்கு வெளிய இருக்கான்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே என்னவோ போல இருந்தது.

ஒரு வரியாவது எழுது.

உன் நாத்தனார்


ஜனவரி 29

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

அவர் நலம். பாப்பா நலம். நான் மிகவும் நலம்.

இப்போதெல்லாம் மேட்ச் முடிந்து வந்தால் என்னிடம்தான் பேசுகிறார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, விளக்கைக்கூட அணைக்காமல். உங்களிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொல்லியிருக்கிறார். "அக்காகிட்ட சொல்லாதே" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அதனால் சொல்ல முடியாது. எட்டு வருஷத்தில் எனக்கென்று அவர் தந்த முதல் ரகசியம் இது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் இப்படித்தான் இருந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அடுத்த மாதக் கடைசியில் புது கிளப்பில் கையெழுத்து. நீங்கள் ஆசைப்பட்டதுதானே.

அண்ணாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
தம்பி மனைவி


பிப்ரவரி 10

புதுப்பொண்ணு,

சௌக்கியம் கேட்க இப்போது பொறுமை இல்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. டிரைவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். என்னிடம் சொல்லாத ஒன்றை நேற்று வந்தவளிடம் சொல்லிவிட்டானா என்று பாத்திரங்களை எல்லாம் டமால் டுமீல் என்று போட்டேன். பொறாமை என்று நீ எழுதியபோது சிரித்தேன் பார், எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், ஹாஃப் டைம் விளம்பரம் முடிந்து படம் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் அப்போதுதான் படியேறி மைதானத்துக்குள் வருகிறார்கள். கடைசியில் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறான். எவனோ கிழட்டு கோச் என்று நினைத்தேன். நிமிர்ந்தான். கொக்கு.

அப்புறம் விசில் அடித்ததும் மான் மாதிரி ஓடினான்.

நீ சொல்லாத ரகசியம் அதுதானே? அவன் உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. எவ்வளவு மோசம் என்று மட்டும் எழுது. போனில் கேட்டால் அவன்தான் எடுப்பான், எனக்கு அழுகை வந்துவிடும். இதை விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறேன், பதிலையும் அதிலேயே போடு.

நாத்தனார்


பிப்ரவரி 14

அண்ணி,

வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. கிளப்புக்குத் தெரியாமல் வெளி டாக்டர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். உடனே நிறுத்தி ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக நடக்கலாம், இன்னும் மூன்று வருஷம் ஆடினால் கைத்தடி ஊன்றிக்கூட நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மேட்சுக்கும் ஊசி போட்டுக்கொண்டு இறங்குகிறார். புது கிளப்பின் பரிசோதனைக்கும் அப்படியே போகப் போகிறார். பாப்பா தூக்கச் சொன்னால், "அம்மாகிட்ட போ" என்கிறார்.

வேண்டாம் என்று அழுதேன், கத்தினேன், பெட்டி கட்ட மாட்டேன் என்றேன். என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா பார்த்துட்டு இருக்காடி. அவ ஆடவேண்டியதை நான் ஆடுறேன். அவ பார்க்கிற வரைக்கும் நான் நொண்ட முடியாது."

டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். உங்களிடம் சொன்னால் அவர் மறுபடியும் உங்களுடையவர் ஆகிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் வலி ஒன்றுதான் எனக்குக் கிடைத்திருந்தது, அதையும் பங்கு போட மனசு வரவில்லை.

நான் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். அதை எழுதுவதற்குள் ரெண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

தம்பி மனைவி


மார்ச் 5

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நீங்களும் அண்ணாவும் சுகமா?

என் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் கூப்பிட்ட அன்று அவர் பால்கனிக்குப் போனார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா போய் மடியில் ஏறினாள். "அப்பா ஏன் அழுறே?" என்று கேட்டாள்.

மறுநாள் புது கிளப்புக்கு முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த கிளப் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, ஏப்ரல் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். போனில் உங்கள் பெயர் வந்தால் மணி அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் முழுக்க முழுக்க என்னோடுதான் இருக்கிறார் அண்ணி. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்ன பேசுவதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று அவரிடம் என்ன சொன்னீர்கள்? நான் உங்களிடம் சொன்னதைச் சொல்லிவிட்டீர்களா? நீங்கள் அனுமதித்தால் நடந்ததையெல்லாம் நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 3

அன்புள்ள புதுப்பொண்ணுக்கு,

நாங்கள் சுகம். டிரைவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது. மேட்ச் ஓடாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நீ சொன்னதை நான் சொல்லவில்லை. இடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நிறுத்துடா, வலிக்குமேடா" என்று கெஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பான்? எனக்காக இன்னும் நிமிர்ந்து ஓடிக் காட்டியிருப்பான். அவனை நான் அறிவேன். அதனால் இப்படிச் சொன்னேன்: "கொக்கு, உன் ஆட்டம் பார்க்கச் சகிக்கலடா. ஒரு மாசமா நான் பார்க்கிறதே இல்ல. நீ என்கிட்ட கதை சொல்லும்போது பார்த்த மாதிரி ஊம் கொட்டிட்டு இருந்தேன். இனிமே அதுவும் முடியாது, போன் பண்ணாதே." "நிஜமாவாக்கா?" என்று கேட்டான். நிஜம்தான் என்று வைத்துவிட்டேன்.

அது பொய். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவன் கொடுத்த ரெண்டாவது பந்து இருக்கிறதே, அப்படி ஒரு பந்து அவன் ஜென்மத்தில் கொடுத்ததில்லை. அதை அவனிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வாயால்தான் இதைச் சொன்னேன்.

பாசத்தில் சொன்னேன் என்று நினைத்து எனக்குக் கோயில் கட்டிவிடாதே. பாதி பாசம். "என்கிட்ட மறைச்சு அவகிட்ட சொன்னியே, வாங்கிக்கோ" என்ற ஆத்திரமும் அந்த வார்த்தையில் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. உன்மேல் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்க்க நீ இருந்தாய், நான் இல்லை.

அவனிடம் எதையும் சொல்லாதே. என் தலையில் அடித்துச் சொல்கிறேன், சொல்லாதே. கோபம் இருக்கிறவரைக்கும்தான் அவன் மைதானத்தில் கால் வைக்க மாட்டான். மனசு கேட்காமல் நானே ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன், நல்லவேளை அவன் எடுக்கவில்லை. என்ன பேசுவது என்று கேட்கிறாய். பக்கத்தில் சும்மா உட்கார், போதும். அவன் தானாகப் பேசுவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் எழுது. கண் விழித்ததும் யாரைக் கேட்டான் என்று எழுது. உன்னைக் கேட்டால் எழுது, பாப்பாவைக் கேட்டால் எழுது. என்னைக் கேட்டால் மட்டும் எழுதாதே. நான் போனை எடுத்துவிடுவேன். "ஆடட்டுமாக்கா?" என்று அவன் கேட்டால், ஆடுடா என்றுதான் என் வாயில் வரும்.

பாப்பாவுக்கு முத்தங்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நாத்தனார்